முதலில் திங்கட்கிழமை, பிறகு ரயில்: மியூனிக் முதல் பெர்லின் வரை ஒரு கோடைப் பயண வழிகாட்டி

ஐரோப்பாவை ரயிலில் சுற்றக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ரயிலில்தான் தொடங்குகிறார்கள். எந்த பாஸ் வாங்கலாம், எந்த வண்டி வேகமானது, ஜன்னலோர சீட் கிடைக்குமா என்று தேடுகிறார்கள். இந்த வழித்தடத்தில் ரயில் தவறினால் ஒன்று இரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் அடுத்தது வந்துவிடும். பூட்டியிருக்கும் அரண்மனைக் கதவு அன்றைக்குத் திறக்காது. ட்ரெஸ்டனில் ரஃபேலின் ஓவியம் இருக்கும் ஸ்விங்கர் காட்சிக்கூடத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. நாலு எட்டு தள்ளியிருக்கும் அரச மாளிகைக்குச் செவ்வாய் விடுமுறை. பெர்லினுக்குப் பக்கத்து ஊரான போட்ஸ்டாமிலும் இதே கதைதான்: சான்சூசி அரண்மனை திங்களன்று மூடும், அதே பூங்காவின் மறுகோடியில் உள்ள புதிய அரண்மனை செவ்வாயன்று மூடும். இது தெரியாமல் திங்கள், செவ்வாயில் அங்கே தங்குகிறவர்கள் இரண்டு நாளும் பாதிப் பாதியாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ஆகவே காலண்டரை எடுத்து முதலில் மூடும் நாட்களைக் குறியுங்கள். அப்புறம் ஊர்களை அடுக்குங்கள். டிக்கெட் கடைசியில்.

நாட்களை அடுக்கும் முறை

மியூனிக், சால்ஸ்பர்க், வியன்னா, பிராக், ட்ரெஸ்டன், பெர்லின் ஆகிய ஆறு ஊர்களுக்கு 16 இரவுகள் வேண்டும். சனிக்கிழமை மியூனிக்கில் இறங்கினால் எல்லாம் தானாகப் பொருந்தி வரும்:

சனி, ஞாயிறு, திங்கள் இரவுகள் மியூனிக்.
செவ்வாய், புதன் சால்ஸ்பர்க்.
வியாழன், வெள்ளி, சனி வியன்னா.
ஞாயிறு, திங்கள், செவ்வாய் பிராக்.
புதன், வியாழன் ட்ரெஸ்டன்.
வெள்ளி, சனி, ஞாயிறு பெர்லின். திங்களன்று ஊருக்கு.

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மியூனிக்கின் ஆல்டே பினக்கோடேக் ஓவியக்கூடத்தில் ஞாயிறன்று நுழைவுக் கட்டணம் 1 யூரோதான். திங்களன்று அது மூடியிருக்கும். அன்றைக்கு வாரம் முழுவதும் திறந்திருக்கும் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்குப் போய்விடலாம். வியன்னாவின் குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸ் அருங்காட்சியகம் வியாழன் இரவு 9 மணி வரை திறந்திருக்கும். நீங்கள் வந்து இறங்குவதும் வியாழன்தான். ட்ரெஸ்டனில் முழு நாளாகக் கிடைப்பது வியாழன், போட்ஸ்டாமுக்குச் சனி, பெர்லினின் அருங்காட்சியகத் தீவுக்கு ஞாயிறு. ஒன்றுமே மூடியிருக்காது. நாட்கள் குறைவாக இருந்தால் ஓர் ஊரை முழுதாக விட்டுவிடுங்கள். எல்லா ஊரிலும் ஓர் இரவு வெட்டினால், தினமும் சூட்கேஸ் இழுப்பதுதான் பயணமாக இருக்கும்.

விசா

மூன்று நாடுகளும் ஷெங்கன் பகுதிக்குள் வருவதால் ஒரே விசா போதும். அதிக இரவுகள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. மேலே உள்ள கணக்கில் ஜெர்மனிக்கு 8 இரவு, ஆஸ்திரியாவுக்கு 5, செக் நாட்டுக்கு 3. அதனால் ஜெர்மன் விசா. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு நேர ஒதுக்கீடு சீக்கிரம் தீர்ந்துவிடும். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள்; பணம் திரும்பாத ரயில் டிக்கெட்டைத் தொடவே வேண்டாம்.

பாஸா, தனித்தனி டிக்கெட்டா?

பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் பாஸ் ஐரோப்பாவில் வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில், வெளியிலிருந்து வருபவர்களுக்கு யூரெயில். பெயர்தான் வேறு, அமைப்பு ஒன்றே. இந்தப் பயணத்தில் ஊர் மாறும் நாட்கள் ஐந்துதான். அவற்றில் மியூனிக்-சால்ஸ்பர்க் தூரத்தைப் பவேரியா டிக்கெட் என்ற ஒருநாள் டிக்கெட்டிலேயே கடந்துவிடலாம். மீதி நான்குக்கும் முன்கூட்டியே சலுகை டிக்கெட் எடுத்தால் பெரும்பாலும் பாஸைவிட மலிவாக முடியும். ஜெர்மனியில் இதற்கு ஷ்பார்பிரைஸ் என்று பெயர், ஆஸ்திரியாவில் ஷ்பார்ஷீனெ. வியன்னா-பிராக், பிராக்-ட்ரெஸ்டன் இரண்டுக்கும் செக் ரயில்வேயின் தளத்திலும் விலை பாருங்கள்; அதே வண்டி, அதே இருக்கை, பல நாட்களில் அங்கே விலை குறைவு.

சலுகை டிக்கெட் குறிப்பிட்ட வண்டிக்கு மட்டுமே செல்லும். 10.30 வண்டிக்கு எடுத்ததை வைத்துக்கொண்டு 9.30 வண்டியில் ஏறினால் டிக்கெட் இல்லாமல் ஏறியதாகத்தான் கணக்கு. இன்னொரு குழப்பம் சால்ஸ்பர்க்-வியன்னா வழியில் வரும். அங்கே அரசு ரயில்வேயின் ரயில்ஜெட்டும் தனியார் வெஸ்ட்பானும் ஒரே தண்டவாளத்தில் ஓடுகின்றன. ஒன்றின் சலுகை டிக்கெட் மற்றொன்றில் செல்லாது. இறங்கும் இடமும் வேறாகலாம்: ரயில்ஜெட் வியன்னா ஹாப்ட்பான்ஹோஃபுக்கு (மத்திய நிலையம்) போகும், வெஸ்ட்பான் வண்டிகளில் பல வெஸ்ட்பான்ஹோஃபுக்கு (மேற்கு நிலையம்). எந்த நிலையம் என்று பார்த்துவிட்டு ஹோட்டலைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த நாளில் கிளம்புவோம் என்று முடிவு செய்ய முடியாதவர்களுக்கும், இன்னும் நாலைந்து ஊர் சேர்க்க நினைப்பவர்களுக்கும் பாஸ் நல்லது. 11 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, ஒரு பெரியவருக்கு இரண்டு பேர் என்ற கணக்கில், பாஸ் இலவசம். ஆனால் அவர்கள் பெயரிலும் பாஸ் எடுத்தாக வேண்டும். பாஸ் செயலிக்குள் இருக்கும். வண்டி ஏறும் முன் அந்தந்தப் பயணத்தைச் சேர்த்து அன்றைய நாளைச் செயல்படுத்த வேண்டும். பாஸ் வாங்கியும் அபராதம் கட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதை மறந்தவர்கள்தான்.

சீட் ரிசர்வேஷன்

இந்த வழியில் பகல் வண்டிகள் பெரும்பாலானவற்றில் ரிசர்வேஷன் கட்டாயமில்லை. ஜூலை, ஆகஸ்டில் வெள்ளி, ஞாயிறு வண்டிகளுக்கும் வியன்னா-பிராக் வண்டிக்கும் எடுத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் நான்கு மணி நேரம் நடைபாதையில் நிற்க நேரிடும். ஜெர்மன் வண்டிகளில் பதிவு செய்த இருக்கையில் வண்டி கிளம்பி 15 நிமிடத்துக்குள் உட்காராவிட்டால் அந்த உரிமை போய்விடும். வேறு பெட்டியில் ஏறி, சூட்கேஸோடு மெதுவாக நடந்து வருகிறவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள்.

இருக்கைக்கு மேலே ஒரு சிறு திரை இருக்கும். அதில் இரண்டு ஊர்ப் பெயர்கள் தெரிந்தால், அந்த ஊரிலிருந்து அந்த ஊர் வரை அது யாருக்கோ பதிவாகியிருக்கிறது. வியன்னாவிலிருந்து பிராக் போகும் வண்டியில் 'ப்ர்னோ – பிராக்' என்றிருந்தால் ப்ர்னோ வரும்வரை நீங்கள் நிம்மதியாக உட்காரலாம். திரை வெறுமையாக இருந்தால் காலி. ஜெர்மன் வண்டியில் 'கெகெபெனன்ஃபால்ஸ் ஃப்ரைகேபென்' என்பதன் சுருக்கம் தெரிந்தால், வழியில் யாராவது பதிவு செய்துகொண்டு வரக்கூடும், வந்தால் எழுந்துகொள்ள வேண்டும் என்று பொருள்.

நிலையத்தில்

டிக்கெட் கேட்டுத் தடுக்கும் கதவு எதுவும் இருக்காது, நேராகப் பிளாட்பாரத்துக்குப் போகலாம். பலகையில் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள், வண்டி எண்ணைத் தேடுங்கள். நீங்கள் இறங்கும் ஊர் பல நேரம் அந்த வண்டியின் கடைசி நிலையமாக இருக்காது, அப்போது பலகையில் பெரிய எழுத்தில் வராது. ஜெர்மனியில் க்ளைஸ், ஆஸ்திரியாவில் பான்ஷ்டைக் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இருப்பது பிளாட்பார எண். பிராக்கில் இரண்டு எண்கள் இருக்கும்: 'நாஸ்துபிஷ்டே' பிளாட்பாரம், 'கொலெய்' அதன் ஓரத்துத் தண்டவாளம். இரண்டும் வேறு வேறு எண்கள். அங்கே பிளாட்பாரம் அறிவிப்பதே வண்டி கிளம்பக் கொஞ்ச நேரம் முன்புதான், ஆகவே பலகைக்குக் கீழேயே நில்லுங்கள்.

மியூனிக் நிலையம் பெரிது. 5 முதல் 10 வரையும், 27 முதல் 36 வரையும் உள்ள பிளாட்பாரங்கள் இரு பக்கச் சிறகுகளில் தள்ளி இருக்கின்றன. சால்ஸ்பர்க், ஃப்யூஸன் (நாய்ஷ்வான்ஸ்டைனுக்கு இறங்கும் ஊர்) பக்கம் போகும் உள்ளூர் வண்டிகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். நடக்கவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

பிளாட்பாரத்தின் மேலே ஏ, பி, சி என்று எழுத்துகள் தொங்கும். உங்கள் பெட்டி எந்த எழுத்தருகே நிற்கும் என்று திரையில் பார்த்து அங்கே போய் நில்லுங்கள். சில வண்டிகள் நடுவழியில் இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு பாதியும் ஒவ்வொரு ஊருக்குப் போகும். பெட்டியின் கதவருகே உள்ள திரையில் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள். கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். கிளம்பும் நேரத்துக்குச் சற்று முன்பே கதவு பூட்டிவிடும். ஓடி வந்து ஏறும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே பலிக்காது.

கோடைதான் தண்டவாள வேலைகளின் காலம். அட்டவணையில் எஸ்இவி என்ற மூன்றெழுத்து தெரிந்தால் அந்தத் துண்டுக்கு ரயில் இல்லை, மாற்றுப் பேருந்து என்று பொருள். டிக்கெட் எடுத்த அன்று ஒரு முறை, பயணத்துக்கு இரண்டு நாள் முன் ஒரு முறை ஜெர்மன் ரயில்வேயின் டிபி நேவிகேட்டர் செயலியில் பாருங்கள். பக்கத்து நாட்டு வண்டிகளும் அதில் தெரியும். ஜெர்மனியில் வண்டி மாற 10 நிமிடம்தான் இருக்கிறது என்றால் அந்த இணைப்பை நம்பாதீர்கள், 30 நிமிடமாவது வேண்டும். சேர வேண்டிய இடத்துக்கு 20 நிமிடமோ மேலோ தாமதமாகும் என்று தெரிந்தால், ஜெர்மன் சலுகை டிக்கெட்டின் வண்டிக் கட்டுப்பாடு நீங்கிவிடும். வேறு வண்டியில் ஏறலாம். ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரமானால் பாதியும் திரும்பக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும். தாமதம் காட்டும் திரையை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டு எல்லை தாண்டாதீர்கள். சால்ஸ்பர்க், ட்ரெஸ்டன் பக்கத்து எல்லைகளில் ஜெர்மன் போலீஸ் வண்டியில் ஏறிப் பார்ப்பது சகஜம். நகல் போதாது.

நாய்ஷ்வான்ஸ்டைன் நாள்

நேரக் கணக்கு மிகவும் பிசகும் நாள் இது, அதனால் கொஞ்சம் விரிவாக.

பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக் 1869-இல் கட்டத் தொடங்கினார். 1886 ஜூனில் அவர் இறந்தபோது வேலை முடியவில்லை. ஏழு வாரங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். 2025-இல் லுட்விக்கின் அரண்மனைகள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன, கூட்டம் குறைய வாய்ப்பே இல்லை. டிக்கெட்டை வாரக்கணக்கில் முன்பே இணையத்தில் எடுங்கள். உள்ளே தனியாகச் சுற்ற முடியாது. அரை மணி நேர வழிகாட்டிச் சுற்று, டிக்கெட்டில் உள்ள நிமிடத்தில் தொடங்கும். ஐந்து நிமிடம் பிந்தினாலும் உள்ளே விடமாட்டார்கள்.

மியூனிக்கிலிருந்து பவேரியா டிக்கெட் எடுங்கள். ஒரே டிக்கெட்டில் ஐந்து பேர் வரை போகலாம், ஆளுக்கு ஆள் கூடுதல் தொகை சிறியது. உள்ளூர் வண்டிகளில் மட்டும் செல்லும். அதிவேக வண்டியில் செல்லாது. வாரநாட்களில் காலை 9 மணிக்குத்தான் இது உயிர் பெறும். 8.50 வண்டியில் ஏறினால் செல்லாத டிக்கெட், 60 யூரோ அபராதம். இயந்திரத்தில் எடுத்தால் பயணிகள் பெயரைப் பேனாவால் எழுத வேண்டும்.

இப்போது பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 9 மணிக்கு மேல் கிளம்பும் வண்டி ஃப்யூஸன் சேர இரண்டு மணி நேரம். நிலைய வாசலில் 73 அல்லது 78 எண் பேருந்து, சுமார் பத்து நிமிடம். பவேரியா டிக்கெட்டே அதற்கும் செல்லும். அடிவாரத்திலிருந்து கோட்டைக்கு மேடேறி நடக்க 30 முதல் 40 நிமிடம். குதிரை வண்டியும் பேருந்தும் உண்டு, ஆனால் அவற்றுக்கான வரிசை உங்கள் கையில் இல்லை. பிற்பகல் 2 மணிக்கு முன் நேரம் எடுக்காதீர்கள். 2.30 இன்னும் நல்லது. ஒரு வண்டி தவறினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம். உள்ளே ஏற 165 படி, இறங்க 181 படி. மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துப் போகுமுன் யோசியுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. அஞ்சலட்டைகளில் வரும் காட்சி கோட்டைக்குள்ளிருந்து தெரியாது, மாரியன்ப்ரூக்கெ பாலத்தில் நின்றால்தான் தெரியும்.

டிக்கெட் தீர்ந்துவிட்டதா? வருந்த வேண்டாம். அதே பவேரியா டிக்கெட்டில் சால்ஸ்பர்க் பாதையில் உள்ள ப்ரீன் ஊருக்குப் போய், படகில் கீம்ஸே ஏரித் தீவில் இறங்கினால் வெர்சாய் மாதிரியில் லுட்விக் கட்டிய ஹெரன்கீம்ஸே அரண்மனை இருக்கிறது. படகுக்குத் தனி டிக்கெட். கூட்டம் குறைவு, நடை எளிது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு முதல் தேர்வாகவே இதைச் சொல்லலாம்.

சால்ஸ்பர்க்கும் வியன்னாவும்

சால்ஸ்பர்க் ஆஸ்திரியாவில் இருந்தாலும் பவேரியா டிக்கெட் அந்த நிலையம் வரை செல்லும். ஜூலை கடைசியிலிருந்து ஆகஸ்ட் முழுக்க இசை விழா நடப்பதால் அறை வாடகை ஏறிவிடும். ஜூனில் போக முடிந்தால் போங்கள். ஹோட்டலில் பதிவு செய்யும்போது விருந்தினர் போக்குவரத்து டிக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். 2025 மே முதல் தங்குகிறவர்களுக்கு உள்ளூர்ப் பேருந்து அதில் இலவசம். 25 எண் பேருந்தில் ஹெல்ப்ருன் போகலாம். பேராயர் மார்குஸ் சித்திகுஸ் 1610-களில் கட்டிய கோடை மாளிகை அது. தோட்டத்தில் ஒரு கல்மேசை, சுற்றிக் கல் இருக்கைகள். விருந்தினர் இருக்கைகளில் திடீரென்று கீழிருந்து தண்ணீர் பீய்ச்சும். பேராயரின் இருக்கை மட்டும் நனையாது. 400 ஆண்டுகளாக அதே விளையாட்டுதான். போனையும் பாஸ்போர்ட்டையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு போங்கள்.

வியன்னாவுக்கு ரயில்ஜெட்டில் சுமார் இரண்டரை மணி நேரம். அன்று மாலை குன்ஸ்ட்ஹிஸ்டோரிஷஸில் ஓவியர் ப்ரூகலின் அறைக்கு நேராகப் போங்கள். உலகிலேயே பெரிய ப்ரூகல் தொகுப்பு அங்கேதான். 1565-இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் படத்தின் முன் நின்று, முன்னால் போகும் மூன்று பேரை விட்டுவிட்டுக் கீழே உறைந்த குளத்தைப் பாருங்கள். எறும்பளவு மனிதர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரியமாக இருப்பார்கள். 19 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இங்கே நுழைவு இலவசம்.

1,441 அறைகள் கொண்ட ஷோன்ப்ருன் அரண்மனைக்கு யு4 சுரங்க ரயில். நாளின் முதல் நேர டிக்கெட்டை எடுங்கள். பத்தரைக்கு மேல் சுற்றுலாக் குழுக்கள் வந்துவிட்டால் அறைக்குள் மூச்சு முட்டும். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. ஞாயிறு காலை சூட்கேஸை ஹாப்ட்பான்ஹோஃப் லாக்கரில் வைத்துவிட்டு, நடந்து போகும் தூரத்தில் உள்ள மேல் பெல்வெடேர் அரண்மனையில் க்ளிம்டின் 'முத்தம்' ஓவியத்தைப் பார்த்துவிட்டு பிராக் வண்டி ஏறலாம். எந்த அருங்காட்சியகத்திலும் சூட்கேஸோடு வந்தால் ஏற்கமாட்டார்கள். முதுகுப் பைக்கே அங்குள்ள லாக்கரைத்தான் காட்டுவார்கள். 1 யூரோ, 2 யூரோ நாணயம் கையில் இருக்கட்டும்.

ஞாயிறன்று ஜெர்மனி, ஆஸ்திரியா இரண்டிலும் சூப்பர்மார்க்கெட் மூடியிருக்கும். பெரிய நிலையங்களுக்குள் உள்ள கடைகள் திறந்திருக்கும். சைவம் சாப்பிடுகிறவர்கள் உருளைக்கிழங்கு சூப் என்று நம்பி வாங்கிவிடாதீர்கள், பன்றி இறைச்சித் துண்டு பெரும்பாலும் கிடக்கும். ஜெர்மனில் 'ஓனே ஃப்ளைஷ்', செக் மொழியில் 'பெஸ் மாசா' என்று சொன்னால் இறைச்சி வேண்டாம் என்று புரியும். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம்.

பிராக்

இங்கே யூரோ இல்லை, கொருனா. ஏடிஎம் திரை உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று கேட்டால் வேண்டாம் என்று கொருனாவையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் மாற்று விகிதத்தில் நல்ல தொகை போய்விடும். காசு மாற்றும் கடையில் ஏமாந்ததாகத் தோன்றினால், 1,000 யூரோ மதிப்புக்குள் இருந்தால், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய் மாற்றியதை ரத்து செய்யச் சட்டம் இடம் தருகிறது. கோட்டைக்கு 22 எண் டிராமில் போய் மேலிருந்து கீழே நடந்து வாருங்கள். புனித விட்டஸ் பேராலயம் ஞாயிறன்று நண்பகலுக்குப் பிறகுதான் பார்வையாளருக்குத் திறக்கும். திங்கள் காலை போவதால் உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. டிராம் டிக்கெட்டை மஞ்சள் பெட்டியில் முத்திரையிட மறக்காதீர்கள்.

ட்ரெஸ்டன், பெர்லின், போட்ஸ்டாம்

பிராக்கிலிருந்து கிளம்பும்போது வண்டி போகும் திசையில் வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். எல்பே ஆறு வெகுதூரம் அந்தப் பக்கமே வரும், எல்லை தாண்டியதும் எதிர்க்கரையில் மணற்பாறைக் குன்றுகள். இந்தப் பயணம் முழுக்க இதைவிட அழகான ரயில் பாதை இல்லை. செக் உணவுப் பெட்டியில் சூடாகவே சமைத்துத் தருவார்கள்.

வியாழன் காலை ஸ்விங்கர். 1754-இல் ட்ரெஸ்டன் வந்த ரஃபேலின் சிஸ்டைன் மடோனா ஓவியத்தின் கீழ் ஓரத்தில் கன்னத்தில் கை வைத்திருக்கும் குட்டித் தேவதை, உலகமெங்கும் குடைகளிலும் கோப்பைகளிலும் பார்த்ததுதான். அதன் சொந்த இடம் இது. மதியம் அரச மாளிகையின் வரலாற்றுப் பச்சை நிலவறை, அதாவது அரசர்களின் கருவூலம். அதற்குத் தனி நேர டிக்கெட் வேண்டும், பைகள் உள்ளே போகாது.

பெர்லின் இன்னும் இரண்டு மணி நேரம். பெர்லின் நிலையத்தில் 1 முதல் 8 வரை பாதாளத்திலும், 11 முதல் 16 வரை மேல் தளத்திலும் உள்ளன; தளம் மாற லிஃப்டுக்கு நேரம் பிடிக்கும். அருங்காட்சியகத் தீவில் பெர்காமோன் அருங்காட்சியகம் 2023 அக்டோபரிலிருந்து புதுப்பிப்புக்காக மூடப்பட்டது. உங்கள் தேதிக்குத் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் அதற்காகவே ஒரு நாளை ஒதுக்க வேண்டாம். நெஃபர்டிட்டி சிலை பக்கத்து நோயஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த அறையில் மட்டும் படம் எடுக்கக்கூடாது.

போட்ஸ்டாமுக்கு ஆர்இ1 வண்டியில் சுமார் 25 நிமிடம், எஸ்7 மின்ரயிலில் 40. பெர்லின் நகர டிக்கெட் ஏபி மண்டலங்களுக்கானது, போட்ஸ்டாம் சி மண்டலம். ஏபிசி டிக்கெட் எடுத்து, காகித டிக்கெட்டானால் பிளாட்பாரப் பெட்டியில் முத்திரையிடுங்கள். நிலையத்திலிருந்து சான்சூசிக்கு 695 பேருந்து. பிரஷ்ய அரசர் ஃப்ரெடெரிக் 1745-47-இல் கட்டியது, திராட்சைப் படிக்கட்டுகளின் மேல் ஒரே தளம். நேர டிக்கெட்டை முன்பே எடுத்திருந்தாலும் அரை மணி முன்பு போய்விடுங்கள், மேல் மாடத்தின் ஓரத்தில் பார்க்க ஒன்று இருக்கிறது. தரையோடு தரையாக ஒரு கல், அதன்மேல் உருளைக்கிழங்குகள். அது ஃப்ரெடெரிக்கின் கல்லறை. மக்களை உருளைக்கிழங்கு பயிரிடச் சொன்ன அரசர் என்பதால் வருகிறவர்கள் பூவுக்குப் பதில் அதை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

திங்களன்று விமானம் ஏறும்போதும் அதே மண்டலக் கணக்குதான். பெர்லின் விமான நிலையமும் சி மண்டலத்தில் இருக்கிறது, ஏபி டிக்கெட்டோடு அங்கே போய் இறங்கினால் கடைசி நாளில் 60 யூரோ.